கிருமியை விழுங்கும் செல்லுக்குள் கிருமி எப்படிப் பிழைத்திருக்கிறது?

வாசகர் கடிதம்:

திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 36. கணவர் நூற்பாலையில் வேலை செய்கிறார். இரண்டு மாதமாக இருமினார். பஞ்சுத் தூசியால் வருகிற இருமல் என்று நினைத்து மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். உடம்பு இளைத்து, சாயங்காலமானால் காய்ச்சல் வர ஆரம்பித்த பிறகுதான் சளி கொடுத்துப் பார்த்தோம். டிபி என்று வந்துவிட்டது. வலது நுரையீரலின் மேல்பகுதியில் குழி விழுந்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று வாரமாக மாத்திரை சாப்பிடுகிறார்.

எனக்குக் கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். பாசிட்டிவ். ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எனக்கு இருமல்கூட இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் வீதம் 12 வாரம் மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். வராத நோய்க்கு எதற்கு மருந்து? வீட்டில் நாலு வயது மகனும் சர்க்கரை நோய் உள்ள மாமியாரும் இருக்கிறார்கள். மாமியார் என் கணவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா எதிர்ப்பு சக்திக்கு என்று ஒரு பொடி தருகிறார், குடிக்கலாமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேக்ரோஃபேஜ் செல்கள் கிருமியை விழுங்கிச் செரித்துவிடும் என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். அப்படியானால் என் கணவரின் நுரையீரலில் அந்தச் செல்கள் என்ன செய்துகொண்டிருந்தன? அதே வீட்டில், அதே காற்றைச் சுவாசித்த எனக்கு ஏன் வரவில்லை?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனை இந்த வாரமே காசநோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, ஊசிப் பரிசோதனையில் என்ன வந்தாலும் தடுப்பு மாத்திரை கொடுக்க வேண்டும். உங்களுக்கு எழுதித் தந்த 12 வார மாத்திரையை நீங்களும் சாப்பிடுங்கள். மாமியாருக்கும் எக்ஸ்ரேயும் சர்க்கரைப் பரிசோதனையும் அவசியம். காரணங்களைக் கீழே விளக்குகிறேன். நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும் என்பதால், அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் நடத்தும் பாடம் தப்பில்லை. மேக்ரோஃபேஜ் விழுங்கத்தான் செய்கிறது. காசநோய்க் கிருமியின் விஷயத்தில், விழுங்கிய பிறகு நடப்பதுதான் பாடப்புத்தகத்தில் இல்லை.

உங்கள் கணவருக்கு நோயைக் கொடுத்தவர் யாரோ ஒருவர் இருமியிருப்பார். பெரிய எச்சில் துளிகள் கீழே விழுந்துவிடும். ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் அளவுக்குக் காய்ந்து சுருங்கிய துணுக்குகள் மட்டும் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கும் தொண்டையும் மூச்சுக்குழாயும் வடிகட்ட முடியாத அளவு அது. நேராகக் காற்று நுண்ணறை வரை போய்விடும். 30 கோடிக்கும் அதிகமான அந்த நுண்ணறைகளில் ஏதோ ஒன்றில், இரண்டு மூன்று கிருமிகள் போய் இறங்கினால் போதும்.

அங்கே முதலில் எதிர்கொள்வது நுண்ணறை மேக்ரோஃபேஜ். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செல்லின் சுபாவம் தெரியாவிட்டால் காசநோய் புரியாது. இரத்தத்தில் ஓடும் மோனோசைட் என்ற வெள்ளணு திசுவுக்குள் புகுந்து மேக்ரோஃபேஜாக மாறும் என்று நாம் படித்திருக்கிறோம். எலிகளில் பார்த்தபோது, நுரையீரலின் இந்தக் குறிப்பிட்ட செல்களின் முன்னோடிகள் கருவிலேயே அங்கே குடியேறி, பிறகு தங்களுக்குள்ளேயே பெருகிக்கொள்கின்றன என்று தெரியவந்தது. மனிதரிலும் இவை நீண்ட காலம் அங்கேயே தங்கி வாழும் செல்கள்தான். ஆனால் வயது ஏற ஏற இரத்தத்திலிருந்து வரும் செல்களும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. நாள் முழுவதும் இவற்றுக்குத் துப்புரவு வேலை. தூசி, புகைக்கரி, உதிர்ந்த செல்கள், நுண்ணறையின் உட்சுவரில் படிந்திருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பழைய வழவழப்புப் பூச்சு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. சத்தமில்லாமல் என்பது முக்கியம். ஒரு நாளைக்குச் சுமார் பத்தாயிரம் லிட்டர் காற்று வந்துபோகும் இடத்தில், ஒவ்வொரு தூசிக்கும் அழற்சியைக் கிளப்பினால் நுண்ணறையில் நீர் கோத்து மூச்சே விட முடியாது. அதனால் இவை பொறுமையாக இருக்கவே பழகிய செல்கள்.

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டு, சலைன் ஊற்றி உறிஞ்சி எடுத்த நீரைச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இவற்றை நேரிலேயே பார்க்கலாம். ஆரோக்கியமான ஒருவரிடம் எடுத்த நீரில் பத்துக்கு எட்டு, ஒன்பது செல்கள் இவைதான். வட்டமாக, பெரிதாக, வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். புகைபிடிப்பவரிடம் எடுத்தால் செல்லுக்குள் பழுப்பும் கறுப்புமாகத் துகள்கள் அடைந்திருக்கும். அந்தச் செல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை. புதிதாக வரும் கிருமியை அது சரியாகக் கவனிக்க முடிவதில்லை. உங்கள் கணவர் புகைபிடிப்பாரா என்று எழுதவில்லை. பிடிப்பவரானால் மாத்திரையோடு அதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பஞ்சுத் தூசியும் நுரையீரலுக்கு நல்லதல்ல. ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலைத் தூசியின் தலையில் போட்டுவிட்டுச் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் நம் ஊர் ஆலைத் தொழிலாளர்களிடம் நான் மிகவும் வருந்தும் விஷயம்.

இப்போது கிருமி உள்ளே வந்துவிட்டது. செல் அதைச் சுற்றி வளைத்து ஒரு சவ்வுப் பைக்குள் போட்டுக்கொள்கிறது. வேறு பாக்டீரியாவாக இருந்தால் அந்தப் பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணையும், உள்ளே அமிலம் ஏறும், pH ஐந்துக்குக் கீழே இறங்கும், கிருமி கரையும். காசநோய்க் கிருமி இருக்கும் பையில் pH ஆறுக்குச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. பை லைசோசோமோடு இணைவதைக் கிருமியின் மேலுறைக் கொழுப்புகளும் அது சுரக்கும் புரதங்களும் தடுத்துவிடுகின்றன. லண்டனில் ஆர்ம்ஸ்ட்ராங், டி’ஆர்சி ஹார்ட் என்ற இருவர் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்து 1971இல் வெளியிட்டார்கள். கிருமியைச் சுற்றி மைக்கோலிக் அமிலத்தால் ஆன மெழுகு உறை வேறு. சளியைச் சாயமேற்றும்போது அமிலம் ஊற்றிக் கழுவினாலும் நிறம் போகாமல் நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாக அது நிற்பதற்கு அந்த உறைதான் காரணம்.

இத்தோடு விடுவதில்லை. ஈ.எஸ்.எக்ஸ்-1 என்ற சுரப்பு அமைப்பின் மூலம் கிருமி சில புரதங்களை வெளியே தள்ளுகிறது. அவற்றில் ஒன்றின் பெயர் ஈசாட்-6. இந்த அமைப்பு சவ்வுப் பையைக் கிழித்து, செல்லின் உட்பகுதியோடு கிருமிக்குத் தொடர்பை ஏற்படுத்தித் தருகிறது. ஈசாட்-6 என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் போட்ட ஊசியைப் பற்றிச் சொல்லும்போது அது மறுபடி வரும்.

ஆக, அழிக்க வேண்டிய செல்லே கிருமிக்கு வீடாகிவிட்டது. அந்தச் செல்லாவது அபாய அறிவிப்பு கொடுக்கிறதா? எலிகளில் நடந்த ஆய்வுகளில், நோய்த் தொற்றிய முதல் சில நாட்களில் நுண்ணறை மேக்ரோஃபேஜ்கள் அழற்சிக்கான மரபணுக்களை இயக்கவே இல்லை. தங்களை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காத்துக்கொள்ளும் மரபணுக்களைத்தான் இயக்கின. அதாவது கிருமியையும் ஒரு தூசித் துகளைப் போலவே நடத்தின. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தச் செல்கள் கிருமியைச் சுமந்துகொண்டே நுண்ணறையின் சுவரைத் தாண்டி நுரையீரலின் உள்திசுவுக்குள் போயின. அங்கேதான் மோனோசைட்டுகளும், நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும், டென்ட்ரைட்டிக் செல்களும் வந்து சேர்கின்றன. டென்ட்ரைட்டிக் செல்கள் கிருமியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போய், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு செயல்படும் டி செல்களிடம் காட்டுகின்றன.

இந்தப் பயணம் மிகவும் தாமதமாக நடக்கிறது. சளிக்காய்ச்சல் வைரஸ் என்றால் ஒரு வாரத்தில் டி செல்கள் தயாராகிவிடும். காசநோயில் மனிதருக்கு இரண்டிலிருந்து எட்டு வாரம் ஆகிறது. கிருமியோ நிதானமானது, ஒன்று இரண்டாக ஏறத்தாழ இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் இத்தனை வாரம் தடையில்லாமல் பெருகினால் கணக்கு எங்கே போகும் என்று உங்கள் மாணவர்களே போட்டுச் சொல்வார்கள்.

டி செல்கள் ஒருவழியாக வந்து சேர்ந்ததும் நிலைமை மாறுகிறது. சி.டி.4 வகை டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டல் புரதத்தைச் சுரக்கின்றன. அது பட்ட மேக்ரோஃபேஜ் பழைய சாது அல்ல. நின்றுபோன இணைப்பு நடக்கிறது, அமிலம் ஏறுகிறது, செல் தன்னைத் தானே செரிக்கும் ஆட்டோஃபேஜி மூலமும் கிருமியைப் பிடிக்கிறது. இது வெறும் ஆய்வகக் கதை இல்லை. பிறவியிலேயே இன்டர்ஃபெரான் காமா வழித்தடத்தில் மரபணுக் குறை உள்ள குழந்தைகளுக்கு, பிசிஜி தடுப்பூசியில் இருக்கும் வலுவிழந்த கிருமியே உடம்பெல்லாம் பரவிவிடுகிறது. எச்.ஐ.வி. சி.டி.4 செல்களைத் தின்றுவிடுவதால்தான் அந்த நோயாளிகளுக்கு டிபி இவ்வளவு எளிதாக வருகிறது.

தொற்றிய இடத்தைச் சுற்றி இந்தச் செல்கள் எல்லாம் கூடி ஒரு முடிச்சாகின்றன. அதுதான் கிரானுலோமா. நோயியல் வகுப்பில் இதன் ஸ்லைடைப் பார்க்காமல் எந்த டாக்டரும் வெளியே வந்திருக்க மாட்டார். நடுவில் செல்கள் செத்து, உருவம் தெரியாமல் இளஞ்சிவப்பாக, பாலாடைக்கட்டி மாதிரியான பொருள். அதைச் சுற்றி நீண்டு தட்டையான மேக்ரோஃபேஜ்கள். அவற்றில் சில ஒன்றோடொன்று கலந்து ஒரே ராட்சதச் செல்லாகி, உட்கருக்கள் குதிரை லாடம் போல ஓரத்தில் வரிசையாக நிற்கும். வெளி விளிம்பில் கருநீலப் புள்ளிகளாக லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் இந்த வகைதான்). மில்லிமீட்டர் கணக்கிலேயே அளக்க வேண்டிய இந்தச் சின்ன முடிச்சுக்குள்தான் பலரது உடம்பில் கிருமி வருஷக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது. உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டிருக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படுகிறது.

அப்படியானால் உங்கள் கணவர் ஏன் அந்த ஐந்து பத்துப் பேரில் ஒருவரானார்?

“எதிர்ப்பு சக்தி குறைவு” என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் குரங்குகளை வைத்து நடத்திய ஆய்வு 2014இல் வந்தது. பெரும்பாலான கிரானுலோமாக்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கிருமியிலிருந்து தொடங்கியவை. அதைவிட வியப்பு, ஒரே குரங்கின் ஒரே நுரையீரலில் சில முடிச்சுகள் கிருமியை முழுக்கக் கொன்று சுத்தமாகியிருந்தன. விரற்கடை தள்ளி இன்னொன்றில் கிருமி பெருகிக்கொண்டிருந்தது. இரத்தம் ஒன்று, உடம்பு ஒன்று, எதிர்ப்பு சக்தி ஒன்று. முடிவு மட்டும் முடிச்சுக்கு முடிச்சு வேறு. எந்த மேக்ரோஃபேஜ் முதலில் விழுங்கியது, டி செல் முடிச்சின் மையம் வரை எட்டியதா, நியூட்ரோஃபில்கள் அளவுக்கு மீறி வந்தனவா என்று அந்தந்த இடத்தின் கணக்கு அது. எல்லா முடிச்சுகளும் அடங்கி ஒன்றே ஒன்று தப்பினாலும் நோய்தான். உங்கள் கணவர் பலவீனமானவர் என்றோ நீங்கள் பலசாலி என்றோ இதில் தீர்ப்பு எதுவும் இல்லை. இந்த வார்த்தையை அவரிடமும் சொல்லுங்கள். டிபி வந்தவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிக் கூனிக் குறுகிப் போவதை நான் நிறையப் பார்க்கிறேன்.

மனித நுரையீரலிலும் இந்த ‘இடத்தின் கணக்கு’ தெரிகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், காசநோயால் சிதைந்து அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட நுரையீரல் துண்டுகளை ஆராய்ந்தார்கள். இரத்தத்தில் அவ்வளவாகக் காணப்படாத, நுரையீரலிலேயே தங்கிவிட்ட டி செல்கள் அங்கே இருந்தன. அவற்றில் இன்டர்லூக்கின்-17 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் அதிகமாக இருந்தவர்களிடம் நோய் கட்டுக்குள் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது. 2021இல் இந்த முடிவு வந்தது. கையில் இரத்தம் எடுத்துப் பார்த்து ஒருவருடைய நுரையீரலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

அவருடைய நுரையீரலில் விழுந்த குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பேர் நினைப்பது போலக் கிருமி அதைத் தின்று குழியாக்கவில்லை. கட்டுமீறிய முடிச்சில் நியூட்ரோஃபில்கள் குவிகின்றன. மேக்ரோஃபேஜ்கள் உடைந்து சாகின்றன. நுரையீரலின் கொலாஜன் இழைகளை அறுக்கும் என்சைம்கள் நம் செல்களிலிருந்தே வெளிவருகின்றன. நடுவிலிருந்த பாலாடைப் பொருள் இளகி, மூச்சுக்குழாய்க்குள் உடைத்துக்கொண்டு வெளியேறினால், அது இருந்த இடம் குழி. அந்தக் குழியில் ஆக்சிஜன் தாராளம். கிருமி கோடிக்கணக்கில் பெருகி இருமலோடு வெளியே வருகிறது. நம் எதிர்ப்புச் செல்களின் கைவண்ணம் இல்லாமல் இந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவவே முடியாது என்றுகூடச் சொல்லலாம்.

இங்கேதான் பக்கத்து வீட்டு அக்காவின் பொடிக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தியை ‘ஏற்றினால்’ டிபி வராது என்பது அந்தப் பொடிக்குப் பின்னால் இருக்கும் எண்ணம். மருத்துவத்தில் இரண்டு அனுபவங்கள் உண்டு. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி மருந்து டி.என்.எஃப். என்ற சுரப்பை அடக்குகிறது. அந்தச் சுரப்புதான் கிரானுலோமாவைக் கட்டுக்கோப்பாக வைத்திருப்பது. மருந்து போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் கிளம்பியதாக 2001இல் அறிக்கை வந்தது. அன்றிலிருந்து அந்த ஊசிக்கு முன் டிபி சோதனை கட்டாயம். சரி, அடக்கினால் ஆபத்து. இன்னொரு பக்கம், புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒரு வகை மருந்து டி செல்களின் பிரேக்கான பி.டி.-1ஐ எடுத்துவிடுகிறது. டி செல்கள் முழு வேகத்தில் பாயும். அப்படிப்பட்டவர்களுக்குக் காசநோய் அடங்கிப்போக வேண்டும் அல்லவா? சிலருக்கு அப்போதும் கிளம்பியது. அடக்கினாலும் கிளம்புகிறது, அவிழ்த்துவிட்டாலும் கிளம்புகிறது. நுரையீரல் செல்களுக்குத் தேவை அளவும் நிதானமும்தான். அதைக் கூட்டும் பொடி எந்தக் கடையிலும் இல்லை.

வைட்டமின் டி-யைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். சோதனைக் குழாயில் மேக்ரோஃபேஜ் கிருமியைக் கொல்ல வைட்டமின் டி உதவுவது உண்மை. அதை நம்பி மங்கோலியாவில் 8,851 பள்ளிக் குழந்தைகளை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். மூன்று வருடம் வாராவாரம் பாதிப் பேருக்கு வைட்டமினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 2020இல் முடிவு வந்தது: தொற்று ஏற்பட்டதில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. பொடிகளில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. என்ன கலந்திருக்கிறது என்று லேபிள் இல்லாத பொடிகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். சீந்தில்கூட, கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரலைப் பாதித்தது. மும்பை டாக்டர்கள் 2021இல் அதைப் பதிவு செய்தார்கள். உங்கள் கணவர் சாப்பிடும் டிபி மாத்திரைகளும் கல்லீரல் வழியாகப் போகிறவைதான். அக்கா அன்பாகத் தருவதை நன்றி சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள்; யாரும் குடிக்க வேண்டாம்.

செல்களுக்கு உண்மையில் எது உதவுகிறது என்றால், சாப்பாடு. ஜார்க்கண்டில் 2019க்கும் 2022க்கும் இடையே நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், காசநோயாளிகளின் வீட்டில் உள்ள எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் கொடுத்த வீடுகளோடு ஒப்பிட்டால், குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதமும், மற்றவருக்குப் பரவும் வகை நுரையீரல் டிபி 48 சதவீதமும் குறைந்தது. இது சின்ன அளவு இல்லை. உங்கள் வீட்டில் பருப்பு, முட்டை, நிலக்கடலை, மீன், பால் எது முடியுமோ அது தினமும் இருக்கட்டும். கணவருக்கு, காசநோயாளிகளின் சத்துணவுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வர வேண்டும் (2024 நவம்பருக்கு முன்பு 500 ரூபாயாக இருந்தது). வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி உங்கள் கைக்கு வருவோம். இப்போது போடும் புதிய ஊசியில் ஈசாட்-6 உட்பட இரண்டு புரதங்கள்தான் இருக்கின்றன. இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்திருந்தால், உங்கள் டி செல்கள் அந்தப் புரதத்தை முன்பே சந்தித்திருக்கின்றன என்று அர்த்தம். பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இந்தப் புரதங்களுக்கான மரபணுத் துண்டே கிடையாது. கால்மெட், கெராங் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1908 முதல் 1921 வரை 13 வருடம் அதை ஆய்வகத்தில் வளர்த்து வளர்த்து வலுவிழக்க வைத்தபோது தொலைந்துபோன துண்டு அது. அதனால் சின்ன வயதில் போட்ட தடுப்பூசியால் பாசிட்டிவ் வந்திருக்குமோ என்று யோசிக்க வேண்டாம். (பழைய மாண்டூ ஊசி போட்டிருந்தால் அந்தக் குழப்பம் இருக்கலாம், எது போட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

இந்தச் சோதனை காட்டுவது டி செல்களின் ஞாபகத்தை. உங்கள் நுரையீரலில் கிருமி இப்போது உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று சொல்லும் சோதனை எதுவும் புழக்கத்தில் இல்லை. சோதனை சொல்லாததைக் காலம் சொல்லும்: தொற்றியவர்களில் நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. நீங்கள் அந்த இரண்டு வருடத்துக்குள்தான் இருக்கிறீர்கள். எந்த முடிச்சு அடங்கும், எது தப்பும் என்று உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாதபோது, கிருமிகள் கொஞ்சமாக இருக்கும் இந்தச் சமயத்தில் மருந்தால் அவற்றைத் துடைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். நோய் வந்த பிறகு நான்கு மருந்து, ஆறு மாதம், ஒரு நுரையீரல் குழி. இப்போது இரண்டு மருந்து (ஐசோனியசிட், ரிஃபாபென்டின்), வாரம் ஒரு தடவை, 12 தடவை.

மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் கணவரின் சளியில் ட்ரூநாட் அல்லது சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனை செய்திருப்பார்கள். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்று அதில் பாருங்கள்; ஐசோனியசிட் மருந்துக்குக் கட்டுப்படுமா என்றும் கேளுங்கள். அவருக்கு இந்த மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை டிபி என்றால் உங்களுக்கு இந்த மாத்திரை பொருந்தாது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்; ரிஃபாபென்டின் அதன் வேலையைக் கெடுத்துவிடும், இந்தக் காலத்துக்கு வேறு வழி வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரை போட்ட அன்று சிலருக்கு ஜுரம் வருகிற மாதிரி உடம்பு வலிக்கும், அடுத்த நாள் போய்விடும். சாப்பாடே பிடிக்காமல் போவது, விடாத வாந்தி, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போய்க் காட்டுங்கள். கை கால் மதமதப்பு வராமல் இருக்க பி6 மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள்.

மாமியாரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. அவர்களுடைய மேக்ரோஃபேஜ்கள் தொடக்கத்தில் கிருமியைக் கண்டுகொள்வதில் மந்தமாக இருக்கின்றன. டி செல்கள் இன்னும் தாமதமாக வருகின்றன. வந்த பிறகோ அழற்சி அளவுமீறிப் போய்விடுகிறது. முன்னே சொன்ன ‘அளவு’ இரண்டு முனையிலும் தவறுகிறது. வயதானவர்களிடம் இருமல் பெரிதாக இல்லாமலே நோய் இருப்பதும் உண்டு. எனவே எக்ஸ்ரேயும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்றால் அவருக்கும் தடுப்பு மாத்திரை.

அந்தத் தனித் தட்டைப் பற்றி மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். பயத்தில் செய்கிறார், பாசம் இல்லாமல் இல்லை. காசநோய் தட்டிலும் டம்ளரிலும் பரவாது. நுண்ணறை வரை போகிற அந்தச் சின்னத் துணுக்கு காற்றில்தான் வர முடியும். நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னைதான். 1956இல் இங்கே தொடங்கிய ஆய்வில் ஒரு பாதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை அவர்களுடைய நெருக்கமான, வறுமையான வீடுகளிலேயே வைத்தும் மருந்து கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. குடும்பத்தாரை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்ததிலும் வீட்டில் இருந்தவர்களின் உறவினர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. காரணம், மருந்து ஆரம்பித்ததும் இருமலில் வெளியேறும் வீரியமுள்ள கிருமி மளமளவென்று குறைந்துவிடுகிறது. பரவியதில் பெரும்பகுதி மருந்துக்கு முந்தைய அந்த இரண்டு மாதத்தில்தான். கணவரின் மருந்து அவருடைய கிருமிக்குச் சரியாக வேலை செய்கிற பட்சத்தில் மூன்று வாரத்தில் அபாயம் நன்றாகவே குறைந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடட்டும், இரண்டாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை ஆகும்வரை குழந்தையைத் தன் பக்கத்தில் படுக்கவைக்க வேண்டாம். தட்டை எடுத்து மற்ற தட்டுகளோடு வையுங்கள்.

ஒரு வேளை மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் அவருக்குக் கழுத்தில் நெறிகட்டினாலோ காய்ச்சல் திரும்பினாலோ மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோர்ந்து கிடந்த செல்கள் தெம்பு வந்து, செத்த கிருமியின் துண்டுகளோடு மல்லுக்கு நிற்பதாலும் அப்படி ஆகலாம். வேறு காரணமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். குழியின் நடுவே பாலாடைப் பொருளில் தூங்குகிற மாதிரி கிடக்கும் கிருமிகளுக்கு மருந்து மெதுவாகத்தான் எட்டும், எட்டினாலும் அவை லேசில் சாவதில்லை. உடம்பு தேறிய பிறகும் ஆறு மாதம் முழுவதும் மாத்திரை வேண்டும் என்பது இவற்றுக்காகத்தான்.

மகனுக்கு மாத்திரை எழுதும்போது அவன் எடையைப் பார்த்துத்தான் அளவு போடுவார்கள். பள்ளியில் எடுத்த பழைய எடையைச் சொல்லாமல் அன்றைக்கு அங்கேயே நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாதாமாதம் எடை கூடுகிறதா என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூடாமல் நின்றுவிட்டாலோ, விளையாட்டில் நாட்டம் குறைந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலோ அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.